ஹெல்மெட்டால் தோண்டிய பள்ளம்

பதினேழாம் மாடி ஜன்னலைக் கயிற்றில் தொங்கியபடி கழுவிக்கொண்டிருந்தவனுக்கு, எதிலும் மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே, ஜல்லி பரப்பிய விளிம்பில், செங்கல் நிறத்தில் மூன்று முட்டைகள் இருந்தன. ஒரு குச்சியில்லை, பஞ்சில்லை. ஜல்லியில் லேசாக ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

"மச்சான், மொட்டைக் கல்லு மேல எந்தப் பறவையாவது முட்டை போடுமா?"

மொட்டைமாடியில் கயிற்றைப் பார்த்துக்கொள்கிற மச்சான், மனைவியின் அண்ணன், "மாப்ள, நீ வந்த வேலையப் பாரு" என்றான்.

மனசு கேட்கவில்லை. பள்ளத்தை நிரவி, தன் துண்டை நாலாக மடித்து விரித்து, முட்டைகளை அதன்மேல் வைத்தான். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு! யாருடைய முட்டை என்று தெரியாமல் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. மேலேறி, படியிறங்கி, அதே ஜன்னலின் உட்பக்கம் வந்து நின்றான்.

வந்தது வல்லூறு. நீலச்சாம்பல் முதுகு, வரிவரியான வயிறு, கன்னத்தில் ஒட்டுமீசை மாதிரி கறுப்புப் பட்டை. பறக்கிற புறாவைப் பறக்கும்போதே அடிக்கிற பறவை, காற்றில் படபடத்த துண்டைக் கண்டு மிரண்டது. கத்தியது, சுற்றிவந்தது, ஆனால் முட்டையின்மேல் உட்காரவே இல்லை. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

மாடிக்கு ஓடினான். "மச்சான், மூணு உயிரைக் கெடுத்துட்டேன்!"

"புலம்பாம இறங்கு. கயித்த நான் பாத்துக்கறேன்."

இறங்கியவனின் ஹெல்மெட்டில் வல்லூறு இரண்டு தரம் மோதியது. "அடி, தப்பு என்னுதுதான்" என்றபடி முட்டைகளை ஓரமாக எடுத்துவைத்துவிட்டுத் துண்டை உருவினான். கையால் தோண்டினால் ஜல்லி சரிந்தது. வேறு வழி தெரியாமல் ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் உச்சியை ஜல்லியில் அழுத்தித் திருகினான். பள்ளம் விழுந்தது. முட்டைகளை அதில் இறக்கிவிட்டு, மண்டையில் ஒரு கீறலோடு மேலேறினான்.

தான் கழுவிய கண்ணாடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மச்சானும் கூட வந்தான். வல்லூறு இறங்கியது. புறாவைக் கிழிக்கிற நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு, முட்டையில் கீறல் படாதபடி தத்தித் தத்தி நடந்தது. மார்பால் ஜல்லியைத் தள்ளிப் பள்ளத்தைத் திருத்தியது.

"உன் வேலை பிடிக்கல போல" என்று கிசுகிசுத்தான் மச்சான்.

பிறகு அது உட்கார்ந்தது. மெல்ல அசைந்து, மூன்றையும் வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் பார்த்தான், அவன் விரல்களும் இறுக மடங்கியிருந்தன.