எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

ஓவனுக்குள் அடுக்கியிருந்த வாணலிகளையும் குழம்புச் சட்டிகளையும் தினேஸ்வரி ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பேரங்காடிக் குலுக்கலில் அப்பாவுக்கு விழுந்த ஓவன். வந்த நாளிலிருந்து பாத்திர அலமாரியாகவே இருந்துவிட்டது. பங்குனியில் அப்பா போனார். காரியம் முடிந்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள், இந்த வருசம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் கொடுப்பதைத் தின்றால் போதும் என்று.

"எண்ணெய்ச் சட்டிதானம்மா வைக்கக் கூடாது? இது கரண்டுல வேகுறது. பிஸ்கட்டு."

அம்மா வீரம்மா எழுந்து போகவில்லை. மேசையோரம் உட்கார்ந்து மாவுப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினேஸ்வரிக்குப் பிஸ்கட் மீது ஆசை ஒன்றும் இல்லை. சோறு வடிக்கவே தடுமாறுகிறவள். திங்கட்கிழமை காலை அவள் எல்லை தாண்டிப் போகும் சிங்கப்பூர் பேருந்தில் ஏற வேண்டும். அங்கே வேலை கிடைத்திருப்பது தம்பி யுகேந்திரனுக்குத் தெரியும். அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. அம்மா ஏதாவது பேசிக்கொண்டிருக்கிற நேரமாக ஒன்று வாய்த்தால் நடுவில் நுழைத்துவிடலாம் என்று காத்திருந்தாள். அப்பா போன பிறகு அப்படி ஒரு நேரம் இந்த வீட்டுக்கு வரவே இல்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மாவில் சீனித்தூளைக் கொட்டி, நெய்யை ஊற்றிக் கிளறினாள். பிடித்தால் உதிர்ந்தது.

"யூடியூப்ல ஒட்டுதுக்கா. நெய் கொறச்சல்லா," என்றான் யுகேந்திரன்.

கடையில் இன்னொரு டின் நெய் வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பி வந்தபோது மாவு உருண்டைகளாகித் தட்டில் வரிசையாக இருந்தது. அம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். தினேஸ்வரி தட்டை அப்படியே ஓவனுக்குள் வைத்தாள். ஏதாவது கேட்டால் அம்மாவின் மனம் கலைந்துவிடும் போலிருந்தது.

வெந்து வந்ததை யுகேந்திரன்தான் முதலில் கடித்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கல்லுமலையில போய் ஒடைச்சிக்கிட்டு வந்தியாக்கா?"

"நான்தான்டா தண்ணி தெளிச்சிப் பெசஞ்சேன்," என்றாள் அம்மா. "மாவுன்னா தண்ணி விடாம எப்படி? முறுக்குக்கு விடுறதில்ல?"

"யம்மா, இது முறுக்கு இல்லலா! இத எறிஞ்சா காக்கா செத்துரும்."

வீரம்மா சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. தினேஸ்வரியும் சிரித்தாள்.

"அடுத்த வருசம் சட்டி வச்சிடலாம்," அம்மா கண்ணைத் துடைத்தாள். "நீ முறுக்கு புழிஞ்சி குடு. எண்ணெய நான் பாத்துக்குறேன். என்னடி?"

சரி என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருக்கலாம்.

"லீவு கெடச்சா வாரேம்மா. சிங்கப்பூர்ல வேல கெடச்சிருக்கு. திங்கக்கெழம போறேன்."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"இவனுக்குத் தெரியுமா?"

யுகேந்திரன் தட்டில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினான்.

அம்மா எழுந்து கோப்பையில் கட்டங்காப்பி ஊற்றி வந்து உட்கார்ந்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து உள்ளே போட்டாள். அது நேரே அடிக்குப் போய் டங்கென்று தட்டியது. குடிக்காமல், கரண்டியால் கலக்காமல், இரு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அது ஊறுவதற்காக அவள் காத்திருந்தாள். கறுப்பு நீரின் மேல் நெய் மட்டும் சின்னச் சின்ன வட்டங்களாக ஏறி வந்துகொண்டிருந்தது.