வீடு பார்க்க வந்தவர்கள்

எனக்கு முப்பத்துநாலு வயது. எங்கள் ஊரில் கல்யாணமாகாதவன் வீட்டுக்கு ஒருவன் இருக்கிறான். வத்திராயிருப்புக்கு மேற்கே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிற ஊருக்கு எவன் பெண் கொடுப்பான்? மழைக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்க வேண்டும். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் அதைச் சொல்லித்தான் காபி கொடுத்து அனுப்பினார்கள். போன தையில் ஒருவழியாகத் தொங்குபாலம் வந்தது. ஆள் மட்டும் நடக்கலாம். இனி நமக்கென்ன குறை என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா கல்பனா, வன்னியம்பட்டியில் ஒரு பெண் பார்த்தாள். பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. பெண் வீட்டார் வந்து வீடு பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அம்மா சுந்தரம்மாளும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். அம்மா காலையிலிருந்தே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் எங்கள் கரையில் நின்று பாலத்தின் பக்கக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடுமா என்ன, மனசு கேட்கவில்லை.

அவர்களை அழைத்துக்கொண்டு அக்கா முன்னால் வந்தாள். பாதிப் பாலத்தில் சுந்தரம்மாள் நின்றுவிட்டார். பள்ளத்தில் எது பேசினாலும் கரைக்குக் கேட்கும்.

"பயப்படாதீக அத்த, இன்னும் செத்த தூரந்தான்" என்றாள் அக்கா.

"பயமில்லத்தா. ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. ஒம் மக ஆனந்தவல்லியும் எம் மகளும் ஒரே வயசுதான?"

"ஆமா."

"தாய்மாமனுக்குத்தான மொத உரிம. அவள ஏன் இவருக்குக் குடுக்கல?"

அக்கா ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காலடிப் பலகையையே பார்த்தாள். ஆனந்தவல்லியைக் கட்டிக்கொள்ள நான் நினைத்ததே இல்லை, நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் அக்காவும் ஒரு பேச்சுக்குக்கூட என்னிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீயே குடுக்காத எடத்துல நான் எப்படித்தா குடுப்பேன்" என்றார் சுந்தரம்மாள். கோபமில்லாமல்தான் சொன்னார். மூவரும் திரும்பி நடந்தார்கள்.

"ஏலே, வடை ஆறுது. அவிய வாராகளா?" என்று கரையோரத்து வீட்டுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்.

"வாராகம்மா" என்றேன்.

அவர்களோடு போகவும் முடியாமல், என்னிடம் வரவும் முடியாமல், அக்கா நடுப்பாலத்தில் தலைகுனிந்து நின்றாள். நான் கம்பியை விடவில்லை. விட்டால் அவளுக்கு ஆடும்.