மூன்றாவது வளைவில் ஆயில்

அக்காவின் திரையில் ஓடியது ஒரே ஒரு பச்சைக் கோடு. ஓடுகிற இன்ஜினுக்குள் ஆயில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அந்தக் கோடு சொல்லும். புதுக் காரைச் சுற்றவிட்டுச் சோதிக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆயில் தொட்டிக்குள் அளவுக் கருவியைப் பொருத்தியவள் அவள். காரை ஓட்டுகிறவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

நேர்ப் பாதையில் கோடு சாதுவாகக் கிடந்தது. மூன்றாவது வளைவு வந்ததும் தொப்பென்று அடிமட்டத்துக்கு விழுந்தது. இரண்டு விநாடி இன்ஜினுக்கு ஆயில் எட்டவில்லை. அப்படியே இன்ஜின் இறுகி நின்றால் சக்கரமும் நின்றுவிடும். அந்த வேகத்தில் கார் எங்கே போய் மோதுமோ.

அடுத்த சுற்றிலும் அதே கதை. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் இப்படித்தான் அலறி வண்டியை நிறுத்தினாள். கடைசியில் பார்த்தால் அளவுக் கருவியின் ஒயர் தளர்ந்திருந்தது. மேலாளர் எட்டுப் பேர் முன்னால் அவள் மானத்தை வாங்கினார். அன்றிலிருந்து தம்பிக்கு அவள் 'பயந்தாங்கொள்ளி இன்ஜினியர்'. மூன்றாம் முறை கோடு விழுந்தது. மானமாவது மண்ணாங்கட்டியாவது! மைக்கை எடுத்து, மெதுவாக உள்ளே வந்துவிடச் சொன்னாள்.

வந்தான். மேலாளரும் வந்தார். இன்ஜினை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, ஆயில் அளக்கும் குச்சியைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தார். மேல்கோடு வரை ஆயில். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அணைத்தால் எல்லா ஆயிலும் அடியில் வந்து சேர்ந்துவிடும், வளைவில் அது ஒருபக்கம் ஒதுங்குவது நிற்கிற வண்டியில் எப்படித் தெரியும் என்று தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். ஒயரையும் இழுத்துக் காட்டினாள், அது அசையவில்லை. மேலாளர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் நாற்பது சுற்று முடிந்தாக வேண்டுமாம். தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஏறினான்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பாதிக்கு மேல் கோபம்தான். இன்னொரு ஹெல்மெட்டை எடுத்தாள். மறுபக்கக் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"ஒயர் கோளாறுதானே. நானும் வர்றேன், ஓட்டு."

சாவியில் கை வைத்தவன் திருப்பவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இறங்குக்கா."

"நீ போகலாம், நான் வரக்கூடாதா?"

 அவன் அவள் பக்கம் சாய்ந்து, மேலாளருக்குக் கேட்காதபடி சொன்னான்: "அந்த வளைவுல கடகடன்னு ஒரு சத்தம் வருதுக்கா. ரெண்டாவது சுத்துலயே கேட்டேன். சொன்னா என்னையும் பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்கன்னு..."

பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது அவளுக்கு. கை எழவில்லை. அவன் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தான்.