சிவப்பில் நின்ற ஊசி

லாரி முதலாளி என்பவன் தன் டிரைவரிடம் யோசனை கேட்ட நாளில்தான் இந்த நாட்டில் சாலைப் போக்குவரத்து சீரழியத் தொடங்கியது. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் என் தாய்மாமா வீரபத்ர ராவ். வெளியிட்ட இடம், விஜயவாடா ஆட்டோநகரில் நாகமணியின் டீக்கடை. மாமா ஸ்ரீ வீரபத்ரா ரோடுலைன்ஸ் நிறுவனத்தின் அதிபர். நிறுவனத்திடம் மொத்தம் ஒரு லாரி இருந்தது. அதுவும் இரண்டு பேர் ஓட்டிக் களைத்துக் கைமாற்றிவிட்டது. ஆனால் பெரிய தத்துவங்கள் பிறக்க நிறைய லாரிகள் தேவையில்லை.

இந்தத் தத்துவம் பிறக்கக் காரணம், எதிர் பெஞ்சில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த பசவய்யா. உண்மையிலேயே பல லாரிகள் வைத்திருப்பவர். அதனால் அதிகம் பேசமாட்டார். சமீபத்தில் அவர் லாரி ஒன்றின் இஞ்சின் போய்விட, ரிப்பேர் செய்வதா, வேறு போடுவதா என்று தன் டிரைவரையே கூட்டிப்போய்க் கேட்டிருக்கிறார். செய்தி மாமாவின் காதுக்கு வந்துவிட்டது.

“டிரைவர்கிட்ட யோசனை கேட்டியாமே அண்ணே? அப்படியே அவனை ஆபீஸ் நாற்காலியில உக்கார வச்சுட்டு, நீ கிளீனரா ஏறிக்கோ.”

“ஓட்டுறவன் அவன்தானே தம்பி.”

“வண்டியை மாடுதான் இழுக்குது. மாட்டைக் கேட்டா சக்கரம் மாத்துறாங்க?”

“மாடு வாயைத் திறந்து சொன்னா, கேக்கலாம்,” என்றார் பசவய்யா, பஜ்ஜியின் காம்பைக் கிள்ளி எறிந்தபடி.

மாமா பதில் சொல்ல வாயெடுத்தபோது எங்கள் லாரி டிரைவரின் போன் வந்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நிறுவனத்தின் நிர்வாகத்தில் ஒளிவுமறைவு கிடையாது.

“ஐயா, சாம்பய்யா பேசறேன். மங்களகிரி தாண்டிட்டேன். இஞ்சின் சூடு காட்டுற ஊசி சிவப்புல நிக்குதுங்க. ஓரங்கட்டி, கொஞ்சம் ஆறவிட்டுப் பாக்கட்டுமா?”

“ஏம்ப்பா, குண்டூர் யார்டுல கேட்டை மூடிட்டான்னா மிளகாயை உன் வீட்டு வாசல்லயா காயப்போடறது? நீ ஊசியைப் பாக்காத, ரோட்டைப் பாரு!”

கடையே சிரித்தது. மாமா அதைக் கைதட்டலாக ஏற்றுக்கொண்டு, எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார். “சரிங்கய்யா,” என்றது போன்.

லாரி குண்டூருக்கு முன்னாலேயே, பெதகாகானியில் நின்றுவிட்டது. மிளகாய் மூட்டைகளை இறக்கி ஏற்றிக் குண்டூர் கொண்டுபோனது பசவய்யாவின் லாரி. எங்கள் லாரியை இன்னொரு லாரி இழுத்துவந்து மறுநாள் காலை கரீமுல்லாவின் பட்டறையில் விட்டது.

ஆட்டோநகரில் இஞ்சின் திறப்பதைப் பார்க்க யாரையும் அழைக்க வேண்டியதில்லை. டீக்கடைக் கூட்டம் டம்ளரோடு வந்து நின்றது. மாமா நடுவில் நின்றார், சாம்பய்யா ஓரத்தில்.

“இஞ்சின் தானாச் சாகாது கரீம் பாய். டிரைவர்தான் கொல்லுவான். திறங்க. என்ன நடந்துச்சுன்னு அதுவே சொல்லட்டும். இவன் மேல தப்புன்னா, சாவியை இங்கயே வச்சுட்டுப் போகட்டும்.”

அவர் நடிக்கவில்லை. முந்தின நாள் போனில் என்ன சொன்னோம் என்பது அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. மாமா பேசும்போது கேட்காத ஒரே ஆள் மாமாதான்.

சாம்பய்யாவுக்குத் தலை முழுக்க நரை. அந்த வயதில் சாவியைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஆட்டோநகரில் அடுத்த சாவியை யாரும் நீட்டுவதில்லை; குடோன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு விசிலும் தருவார்கள். அது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“திறக்க வேணாங்கய்யா,” என்றார் சாம்பய்யா. “இதை அப்படியே தள்ளிவிட்டுட்டு வேற போட்டுடலாம். பாய்கிட்ட ஒண்ணு ரெடியா கிடக்கு.”

மாமாவின் கண்கள் மின்னின. என் தோளைத் தட்டினார். “பாத்தியாடா மருமகனே? திருடன் பூட்டைப் பத்தி யோசனை சொல்றான். திறங்க பாய்!”

திறந்தார்கள். கரீமுல்லா உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து கீழே பார்த்தார்.

“கீழ்க் குழாய் கிழிஞ்சு தண்ணி பூரா வழியிலயே போயிருக்கு சேட்டு. பிஸ்டன் லைனரோட ஒட்டிக்கிச்சு. சொட்டுத் தண்ணி இல்லாம ஓட்டியிருக்காங்க.” சாம்பய்யா பக்கம் திரும்பினார். “ஏன்யா, இத்தனை வருஷம் ஓட்டுற. ஊசியைப் பாக்கலையா?”

“பாக்கலை பாய். என் தப்புதான்.”

நின்றவர்களில் பாதிப் பேர் முந்தின நாள் மாமா சொன்ன டீயைக் குடித்தவர்கள். ஒருவர் கூரைத் தகட்டை ஆராயத் தொடங்கினார். ஒருவர் காலி டம்ளரை வாயில் வைத்துக் குடித்தார். பசவய்யா பக்கத்து லாரியின் டயர் அருகே குந்தி, அதன் தேய்மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் போதும்; மாமா பதிலுக்குக் கத்தியிருப்பார், அந்தச் சத்தத்தில் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். பசவய்யா அந்த உதவியைச் செய்யவில்லை.

சாம்பய்யா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். வளையத்தில் கனகதுர்க்கை படம் போட்ட தகடு. அதை வேட்டி முனையில் துடைத்து மட்கார்டின் மேல் வைத்தார்.

“பாக்கலை” என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே மாமாவின் முகம் சரியில்லை. ஒரு நாள் தாமதமாக, தன் குரல் அவருக்குக் கேட்டுவிட்டது.

கரீமுல்லாவுக்கு மட்டும் இதெல்லாம் தெரியாது. அவர் டீக்கடைக்கு வருவதில்லை.

“சேட்டு, எனக்கு இன்னிக்கே சொல்லணும். உங்க இஞ்சின் பிளாக் தப்பிச்சிருச்சு. புது லைனர், பிஸ்டன் போட்டு எழுப்பிடலாம். ஆனா லேத்துல கூட்டம், உகாதி ஆயிடும். மிளகாய் சீசன்ல பாதி போச்சு. அவசரம்னா தார்ப்பாய்க்கு அடியில இருக்கே, ஆக்சிடென்ட் லாரி இஞ்சின், அது இந்த வாரமே ஓடும். அதை இதுக்கு முன்னாடி யார் எப்படி ஓட்டினாங்கன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.”

மாமா மட்கார்டிலிருந்த சாவியை எடுத்தார். “சாம்பய்யா, இந்தப் பக்கம் வா,” என்று தார்ப்பாய்க் குவியலுக்குப் பின்னால் நடந்தார். ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதை நான் நேரில் பார்த்ததில்லை என்பதால் நானும் போனேன்.

மாமா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். ஸ்பீக்கர் இல்லாத ஒரு குரல் அவரிடம் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“பாய் சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்கய்யா.”

“நீ என்ன சொல்ற?”

சாம்பய்யாவுக்குப் புரியவில்லை. “எதைங்கய்யா?”

“நம்ம இஞ்சினையே எழுப்பறதா, இதைப் போடறதா?” மாமா தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஓட்டுறவன் நீதானே.”

சாம்பய்யா கையிலிருந்த கிரீஸைத் தேய்த்தார். “நம்மதையே எழுப்பலாங்கய்யா. அதுக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். இதுக்கு என்ன ஆச்சோ, யாருக்குத் தெரியும்? நடு ரோட்டுல மறுபடி நின்னா உங்களால தாங்க முடியாது. உகாதிக்கு அப்புறம் மாம்பழம் இருக்கு.”

“அப்புறம் ஏன் காலைல மாத்தலாம்னு சொன்ன?”

“அப்பத் திறக்கலையேங்கய்யா. திறக்காம விட்டா யார் தப்புங்கற பேச்சே வராதுன்னு பாத்தேன்.”

மாமா சாவியை அவர் கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு, இன்னும் மெதுவாக, “அந்த ஊசி ஒழுங்கா வேலை செய்யுதா?”

“செய்யுதுங்கய்யா. நேத்தும் நல்லாத்தான் செஞ்சுது.”

மாமா தலையசைத்தார். வெளியே வந்ததும் கூட்டம் நிமிர்ந்தது. அவர் வழக்கம்போல் தொண்டையைச் செருமினார். என்னவோ பெரிதாக வரப்போகிறது என்று நானும் தயாரானேன்.

“பழசையே எழுப்புங்க பாய்,” என்றார், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி. “எந்த லைனர் போடணும்னு சாம்பய்யாவைக் கேட்டுக்கோங்க. அவர் சொல்வார்.”

பசவய்யா இன்னும் டயரைப் பார்த்து முடிக்கவில்லை.