மூன்று விரல் மிச்சம்

முதல் மரம் வாடியபோது அவள் பூச்சி என்று நினைத்தாள். இரண்டாவது வாடியபோது வெயில் என்று நினைத்தாள். மூன்றாவதும் நான்காவதும் வாடியபோது, யாரோ ஒரு ஆள் என்று முடிவு கட்டினாள்.

காட்டில் அவளுக்கு 'முக்கால்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். இவள் இடுப்பு உயரத்தில் சாய்வாக ரம்பம் போடுவாள், முக்கால் பங்கு அறுத்ததும் நிறுத்திவிடுவாள். பிறகு கொக்கி வைத்த கழியால் உச்சியை மெதுவாக இழுத்துத் தரையில் படுக்க வைப்பாள். அடியில் மூன்று விரல் கனத்துக்கு மரமும் பட்டையும் அறுபடாமல் இருக்கும். அந்த மூன்று விரல் வழியாகத் தண்ணீர் ஏறும். படுத்த மரம் படுத்தபடியே தழைக்கும். அதன் அடியில் முயல் ஒளியும், மான் குட்டி போடும். நிமிர்ந்து நிற்கும் மரத்தால் இவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. தழை எட்டாது, மறைவும் கிடையாது.

இதை வன அலுவலகத்தில் சொல்லிப் புரியவைக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. கடைசியில் அதிகாரியம்மாள் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்து நிபந்தனையும் போட்டார். இருபத்துநான்கு மரம். ஆறு மாதம் கழித்து ஆய்வு. நான்கு செத்தால் போனால் போகட்டும். ஐந்தாவது செத்தால் திட்டம் ரத்து, மொத்தக் காட்டையும் மொட்டையடித்து ஒரே ரகக் கன்று நடப்படும். முக்கால் பழையபடி சாலையோர வேலிச் செடிகளுக்கு முடிவெட்டப் போகலாம்.

ஆய்வு இன்று பதினொரு மணிக்கு. செத்தது நான்கு.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வெட்டிப் படுக்க வைத்த இடத்துக்குள் மனிதக் கால் படக்கூடாது என்பது அவளே வகுத்த சட்டம். மனித வாடை அடித்தால் முயல் குடிவராது. அதனால் ஆறு மாதமாக மேட்டில் நின்று தொலைநோக்கியில்தான் பார்த்துவந்தாள். பழுப்பாகிப்போன நான்கு உச்சிகள் தெரிந்தன. காரணம் தெரியவில்லை.

சந்தேகப் பட்டியலில் ஒரே ஒருவர்தான் இருந்தார். தினமும் காட்டோரம் நடைபோடும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். புயல் அடித்த மாதிரி அலங்கோலமாக இருக்கிறது என்று அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதியவர். ஆனால் அவர் கையில் ஊன்றுகோலைத் தவிர எதையும் யாரும் பார்த்ததில்லை. ஊன்றுகோலால் மரத்தைக் கொல்ல முடியாது.

வீட்டில் தச்சரிடம் புலம்பினாள். தச்சர் என்றால் அவள் கணவர். வீட்டை ஒட்டியே பட்டறை. மேசையின் அடிப்பக்கம், யாருமே பார்க்காத இடம், அதையும் தேய்த்துப் பளபளப்பாக்குகிற மனிதர். அரைகுறை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அவள் மரம் சாவதைச் சொன்னதும் அக்கறையோடு தலையாட்டினார். இழைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எதைச் சொன்னாலும் அப்போது அவர் தலையாட்டுவார்.

காலை ஒன்பது மணிக்கு அவள் தன் சட்டத்தைத் தானே மீறினாள்.

முதல் பழுப்பு மரத்தை அடைந்து குனிந்தாள். மூன்று விரல் மிச்சம் இல்லை. முழுசாக அறுத்திருந்தார்கள். தண்டு தனி, அடிக்கட்டை தனி. பூச்சியும் இல்லை, வெயிலும் இல்லை, ரம்பம்.

அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தாள். தடவிய கை அப்படியே நின்றது.

வழவழவென்று இருந்தது. அறுத்த முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். கையைக் கிழிக்காதபடி ஓரத்தைச் சுற்றிலும் மழுக்கியிருந்தார்கள். உலகத்தில் எந்த மரத் திருடனும் அடிக்கட்டைக்கு மெருகு போடமாட்டான்.

வீட்டில் ஒரே ஒரு ஆள் போடுவார்.

ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் செருப்பில் மரத்தூள் இருந்தது. தச்சர் வீட்டில் மரத்தூளை யார் தடயமாக எடுத்துக்கொள்வார்கள்? பட்டறைக்குப் புதன்கிழமை விடுமுறை என்பதுகூட இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இன்றைக்கும் புதன்கிழமை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கர்ர், கர்ர் என்று, அவசரமில்லாத, பழகிய கையின் ரம்பம். பதினேழாம் எண் மரத்தின் பக்கம்.

முட்செடி கையைக் கிழித்ததைக்கூடக் கவனிக்காமல் ஓடினாள். பதினேழாவது நல்ல தழைப்போடு படுத்திருந்தது. அது மடங்கிய இடத்தில் தச்சர் குனிந்திருந்தார். காதில் பென்சில்.

"ரம்பத்தை எடுங்க," என்றாள்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிடிபட்ட முகம் இல்லை. பிறந்தநாள் பரிசை முன்னாடியே பிரித்துவிட்டாளே என்கிற முகம். "நீ அந்தப் பக்கம் இருப்பேன்னு நினைச்சேன். முடிச்சு வெச்சுட்டு அப்புறமா சொல்லலாம்னு..."

"எதை முடிச்சு?"

வங்கி மேலாளர் ஒருநாள் பட்டறைக்கு முக்காலி வாங்க வந்திருக்கிறார். வந்தவர், உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு மரத்தைக்கூட ஒழுங்காக வெட்டத் தெரியவில்லையே என்று சிரித்திருக்கிறார். தச்சருக்குப் பொறுக்கவில்லை. நேரில் வந்து பார்த்தால் அந்த ஆள் சொன்னது நிஜம்தான் என்று தோன்றியிருக்கிறது. மனைவிக்கு வேலைப்பளு, பாதியில் விட்டிருக்கிறாள். நாம் வாரத்துக்கு ஒன்றாக முடித்துக் கொடுப்போம், சொல்லிக்காட்ட வேண்டாம். இவ்வளவுதான் சதி.

அவள் மூன்றே வாக்கியத்தில் மூன்று விரல் கதையைச் சொன்னாள். இந்த முறை எந்த இயந்திரமும் ஓடவில்லை. கேட்கக் கேட்க அவர் காதிலிருந்த பென்சில் நழுவி விழுந்தது.

"அப்போ அந்த நாலும்?"

"நீங்கதான்."

அவர் பதில் சொல்வதற்குள் மரம் முனகியது. மூன்று விரல் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். உச்சியின் பாரம் தாங்காமல் பட்டை மெல்ல நாராகப் பிரிய ஆரம்பித்தது. அவள் பாய்ந்து தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். தொடை கனம்தான் என்றாலும் தழையோடு சேர்த்துக் கனத்தது. இருபது நிமிடம் தாங்கலாம், இரண்டு மணி நேரம் தாங்க முடியாது.

"முட்டுக் கொடுங்க," என்றாள், மூச்சை இழுத்துக்கொண்டே.

தச்சர் அளவுகோல் தேடவில்லை. கைச் சாணால் ஒருதரம், விரலால் ஒருதரம். செத்துப்போன முதல் மரத்திடம் ஓடினார். கவட்டைக் கிளை ஒன்றை அறுத்தார், அடியைச் சாய்த்துச் சீவினார், தட்டையான கல்லைத் தரையில் பதித்தார். கவட்டையைத் தண்டுக்கு அடியில் நிறுத்தி உள்ளங்கையால் ஒரே தட்டு. பொருந்தியது. அவள் தோளை மெல்ல எடுத்தாள். மரம் அசையவில்லை. பட்டை பிரிவது நின்றது.

பழக்கதோஷத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். அவள் பார்த்த பார்வையில் அது திரும்ப உள்ளே போனது.

அதிகாரியம்மாள் பதினொன்றேகாலுக்கு ஜீப்பில் வந்தார். மரத்துக்கு மரம் போய் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். பச்சை, பச்சை, பச்சை. பழுப்பு நான்கு. பதினேழாவதில் நின்று, முட்டுக் கவட்டையையும் புது அறுப்பையும் மாறிமாறிப் பார்த்தார்.

தச்சர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், அந்த நாலும் நான் பண்ண வேலை. இதுவும். அவளுக்குத் தெரியாது. உதவின்னு நினைச்சுப் பண்ணிட்டேன்."

அதிகாரியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். அடிக்கட்டைக்கு மெருகு போட்டது யார் என்று கேட்டார். அதற்கும் தச்சர் கை தூக்கினார். பிறகு அதிகாரியம்மாள் முக்காலிடம், இது பிழைக்குமா என்று கேட்டார்.

பிழைக்கும் என்று சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். "தெரியாது மேடம். அடுத்த துளிர் விட்டாத்தான் சொல்ல முடியும்," என்றாள் அவள்.

அதிகாரியம்மாள் பட்டையைச் சுரண்டினார். பச்சை. எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து முட்டுக்கு அடியிலிருந்து ஒரு முயல் எட்டிப்பார்த்தது. இவ்வளவு கூச்சலிலும் வீட்டைவிட்டு ஓடாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. மூன்று பேரையும் பார்த்தது, பிடிக்கவில்லை போல, மறுபடி உள்ளே போய்விட்டது.

"செத்தது நாலு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அதிகாரியம்மாள். "இன்னிக்கு எது பச்சையா இருக்கோ அதைத்தான் நான் எழுத முடியும். மீதிக் காட்டையும் நீயே பார்த்துக்க. ஆனா உன் வீட்டுக்காரர் ரம்பத்தோட உள்ள வரக்கூடாது. இது நிபந்தனை."

இப்போதும் தச்சர் புதன்கிழமைதோறும் காட்டுக்குப் போகிறார். வெறுங்கையோடு. மேட்டில் நின்று தொலைநோக்கியில் பதினேழாம் எண்ணைப் பார்க்கிறார். ஏழாவது புதன்கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது, அவள் பட்டறையில் கொக்கிக் கழிக்குப் புதுக் கம்பு இழைத்துக்கொண்டிருந்தாள். நேரே போய் இழைக்கிற இயந்திரத்தை நிறுத்தினார். பிறகுதான் சொன்னார்.

"ரெண்டு துளிர்."