கீழ ஆள் இருக்கான்

இது என் குரலே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன? யார் வந்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? இந்தக் குரலுக்கு இருபத்தோரு வயது, எனக்கு நாற்பத்தெட்டு. தெருவில் எதிரெதிரே வந்தால்கூட ஒன்றையொன்று தெரியாத மாதிரிப் போய்விடும்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். எதிரே யாரோ ஒருவருடைய மேல்தாடை, பிளாஸ்டரில் வார்த்தது. அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகு, மெழுகில் வரிசையாகப் பதித்த பற்கள். இடது கோரைப்பல் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கத்தியைச் சுடரில் காட்டி, மெழுகை இளக்கி, அதை உள்ளே தள்ளினாள். காலையிலிருந்து அதே பல்லைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

பல் செட் செய்யும் இந்த அறைக்கு அவள் வந்து இருபது வருடம் ஆகிறது. உடன் வேலை பார்க்கும் பெண்கள் அவளை அக்கா என்பார்கள். ஊர் வாய்க்கெல்லாம் பல் வைக்கிறவள், தன் வாயை மட்டும் திறப்பதில்லை என்று காதுபடவே கேலி செய்வார்கள். அந்த அக்கா ஒரு காலத்தில் தலையை மொட்டையடித்துக்கொண்டு மேடையில் கத்தியவள் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்?

கத்தியவள் என்பது மிகையில்லை. ஹார்ட்கோர் பங்க் என்று அதற்குப் பெயர். கிட்டாரில் மூன்றே மூன்று பிடி, டிரம்ஸில் நாய் துரத்துகிற வேகம், தொண்டை கிழிகிற மட்டும் கத்தல். ஒரு பாட்டு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அது நீளமான பாட்டு. பேண்டுக்குத் துரு என்று பெயர். அவளை எல்லோரும் ஆணி என்றார்கள், டிரம்ஸ் அடித்தவனை இடி. நால்வருக்கும் இருந்த ஒரே விதி, ஆரம்பித்த பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது. கம்பி அறுந்தாலும் சரி, மைக் செத்தாலும் சரி, மேலே ஆள் வந்து விழுந்தாலும் சரி.

போன வாரம் இடி தன் வீட்டுப் பரணில், அந்த நாளையக் கச்சேரி ஒன்றைப் பதிந்த கேசட்டைக் கண்டெடுத்தான். ஈரம் குடித்துக் கிடந்த நாடாவைச் சுத்தம் செய்யக் கொடுத்து, பாட்டுகளைப் போனில் அனுப்பினான். ஐந்து நாள் அவள் திறக்கவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து போனபோது, வீட்டுக் கதவுக்கு வெளியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. இடி அவள் தம்பிக்கும் அனுப்பியிருக்கிறான். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிற இடது காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். நாற்பத்து நாலு வயது முகம், பதினேழு வயதுச் சிரிப்பு. முன்பற்கள் நான்கும் அவள் செய்து கொடுத்தவை.

"அக்கா... நம்ம... பாட்டு," என்றான். ஒவ்வொரு சொல்லையும் அவன் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

அவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவும்போது தோள் தானாக அசைந்தது. உள்ளங்கால் சூடேறியது. இத்தனை வருடம் எங்கே போயிருந்தாய் என்று உடம்பு யாரையோ கேட்டது. அடுத்த நாள் ஹெட்ஃபோன் வாங்கினாள்.

மூன்றாவது பாட்டில்தான் அது நடந்தது. மரச்சாமான் கிடங்கின் நிலவறை, எண்பது பேர், ஒரே வாசல். கூட்டம் முட்டி மோதிக் குதித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நின்ற தம்பி விழுந்தான். பூட்ஸ் கால்களுக்கு நடுவே அவனுடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. "கீழ ஆள் இருக்கான்!" என்று அவள் மைக்கில் கத்தினாள். பாட்டு முழுக்கக் கத்தியவள் இதையும் கத்தினால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? புது வரி என்று நினைத்துக்கொண்டார்கள். எண்பது தொண்டையும் சேர்ந்து, "கீழ ஆள் இருக்கான்! கீழ ஆள் இருக்கான்!" என்று திருப்பிக் கத்தியது. கத்தியபடியே இன்னும் உயரமாகக் குதித்தது.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவள் பாட்டை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் குதித்தாள், தம்பியை இழுத்துப் போட்டாள், அதனால்தான் உயிராவது மிஞ்சியது. தம்பி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வது இதுதான். அவளும் இதைத்தான் நம்பியிருந்தாள்.

ஆனால் பாட்டு ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி. அவள் கத்துவது ஐம்பத்தைந்தாவது நொடியில். மீதிப் பதினேழு நொடியில் கூட்டம்தான் பாடுகிறது, கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் கேட்கும். அதற்கு அடியில், வரிக்கும் வரிக்கும் நடுவே, ஒரு மூச்சிழுப்பு இருக்கிறது. மூக்கால் வெடுக்கென்று இழுத்து, நுனியில் லேசாக விசிலடிக்கிற மூச்சு. இன்றைக்கும் படியேறினால் அவளுக்கு அப்படித்தான் வரும். பத்துத் தடவை கேட்டாள், இருபது தடவை கேட்டாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது இருந்தது. கடைசி அடி விழுகிற வரைக்கும் இருந்தது. மைக்கை விட்டு அவள் போகவே இல்லை.

எண்பது பேர் தன் சொல்லைத் திருப்பிக் கத்தியதும் உள்ளே என்ன எழுந்தது என்பதும் இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பயம் என்று பெயர் வைக்க முடியாது.

நாலு மணிக்கு இடி வந்தான். வழுக்கை, தொப்பை, இரண்டு காதிலும் மெஷின். இப்போது டைல்ஸ் கடை வைத்திருக்கிறான்.

"உன் வலது பக்கம் உக்காந்துக்கறேன். எனக்கு இந்தக் காதுதான் கொஞ்சம் கேக்கும்."

"அந்தக் காதுக்கு என்ன ஆச்சு?"

"நாலு வருஷம் என் முன்னால நின்னு கத்தினது யாரு?" பல் செட்டுகள் அடுக்கிய அலமாரியைப் பார்த்தான். "என்ன ஆணி, எல்லாம் என்னைப் பாத்தே இளிக்குது."

"செட்டு வைக்க வரப் போறவங்களைப் பாத்தா அப்படித்தான்."

சிரித்தான். பிறகு பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துப் பல் செட்டைத் தொடாமல் வைத்தான். ஒரு சின்னக் கம்பெனி இசைத்தட்டாகப் போடப் போகிறது. தலைப்பு, 'கீழ ஆள் இருக்கான்'. முதல் தாளில் நால்வரும் சம்மதிக்க வேண்டும். மற்ற இருவர் பக்கத்திலிருந்தும் கையெழுத்து வந்துவிட்டது. பேஸ் கிட்டார் வாசித்தவன் உயிரோடு இல்லை, அவன் மனைவி போட்டிருந்தாள். இரண்டாவது தாள், உறைக்குள் அச்சாக வேண்டிய குறிப்பு; அதிலும் அவள் கையெழுத்து வேண்டும்.

"நானே எழுதினேன். படி."

படித்தாள். *பாடகி அந்த நொடியே பாட்டை நிறுத்தினார். தம்பியைக் காப்பாற்றக் குதித்தார். டிரம்ஸ் நிற்கவில்லை.*

"எதையும் மறைக்க வேணாம்னு பாத்தேன்," என்றான் இடி. குரல் இறங்கிவிட்டது. "நீ கத்தினது கேக்கலன்னு உங்கிட்ட இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தேன்ல? கேட்டுது ஆணி. நல்லாவே கேட்டுது. பாட்டுல ஒரு வரின்னு நெனச்சிட்டேன்."

எனக்கும் அது பாட்டு வரியாகத்தான் ஆனது, என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. உதடு வரை வந்தது. சொல்லியிருந்தால் அவனுடைய பாரத்தில் பாதி அந்த மேசையிலேயே இறங்கியிருக்கும். ஆனால் இன்றைக்குச் சாயங்காலமே அவன் தம்பியைப் பார்க்கப் போவான். தம்பி கேட்பான். தம்பியிடம் இருப்பது ஒரே ஒரு கதை.

"உன் தப்பு இல்லடா," என்றாள்.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத."

"ஆறுதலுக்குச் சொல்லல."

அவன் நம்பவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு பேனாவை நீட்டினான். "தம்பிகிட்ட பேசிட்டேன். அவ்ளோ சந்தோஷம் அவனுக்கு. எங்க அக்கா நிறுத்தினா, அதான் இருக்கேன்னு பத்து தடவை சொல்றான். போட்டுடு."

அவள் பேனாவை வாங்கினாள். அந்த முதல் வாக்கியத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு மூடியைப் போட்டு மூடினாள்.

"நான் போடல."

"குறிப்புல எதையாவது மாத்தணுமா? சொல்லு, மாத்திடலாம்."

"வேணாம்."

"அப்ப சம்மதத் தாள்ல மட்டுமாவது போடு. தட்டு வரட்டும்."

"ரெண்டுலயும் போடல."

தேய்க்கிற மெஷினை யாரோ உள்ளறையில் ஓட்டினார்கள். அவன் முகத்தைச் சுளித்து, காது மெஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டான். சத்தம் அடங்கியதும் கேட்டான்.

"எம்மேல இன்னும் கோவமா?"

"இல்ல."

"காரணமாவது சொல்லேன். தம்பி கேப்பானே, அவனுக்கு என்ன சொல்ல?"

"அக்கா வேணாம்னுட்டான்னு சொல்லு."

தாள்களை மடித்து, பேனாவோடு சேர்த்து அவன் சட்டைப்பையில் வைத்தாள். சுருங்கியிருந்த பையின் ஓரத்தை நீவி விட்டாள். பிறகு கத்தியைச் சுடரில் காட்டினாள். கோரைப்பல் மறுபடி வெளியே வந்திருந்தது.