பிளாட்பாரம் வந்தால் குனிய வேண்டும்

1

இந்தக் கதை ஒரு விளம்பரப் படத்திலிருந்து கிளம்பியது. பழைய நீராவி எஞ்சினைப் பழுதுபார்த்துச் சுற்றுலா விடுகிறார்களாம். எஞ்சின் பக்கத்தில் ஒருவன் கரி அள்ளும் ஷவலோடு சிரிக்கிறான். ஒரு கன்னத்தில் மட்டும் கரி, மேக்கப்காரர் பூசியது. நான் கரி அள்ளுகிற வீட்டில் வளர்ந்தவன். கரி அப்படி அழகு பார்த்து ஒட்டாது. காதுக்குள் போகும், துப்பினால் எச்சிலில் வரும். வயிறு எரிந்தது. எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரி: "உறங்கிய ராட்சசன் கண் விழித்தான்."

(அடித்துவிட்டேன். இரும்பு தானாக விழிக்காது. யாருடைய முதுகோ ஒடிந்திருக்கும்.)

மறுபடியும். கதையில் ஒருத்தி. அவள் சலவை ஆலையில் பாய்லருக்குக் கரி போட்டவள். அவள் அண்ணன் எஞ்சின் டிரைவர். துருப்பிடித்துக் கிடந்த எஞ்சினை மற்றவர்களோடு சேர்ந்து இருவரும் பிரித்து மாட்டினார்கள். எஞ்சினின் பாய்லருக்குள் கல்லாய் இறுகிய உப்பைக் கொத்தி எடுக்க ஒல்லியான ஆள் வேண்டும். மேலே இருக்கும் ஓட்டை வழியாக அவள் இறங்குவாள். அண்ணன் வெளியிலிருந்து சுத்தியலால் தட்டுவான், அவள் உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்ட வேண்டும். ஒரு நாள் பதில் தாமதமானது.

"செத்துட்டியாடி?"

"செத்தா நீதான் எறங்கி எடுக்கணும். உன் வயித்துக்கு வாசல்லயே மாட்டிக்குவ."

வண்டி ஓடினால் ஷவலும் நெருப்புக்குக் கரி போடும் வேலையும் அவளுக்கு. அதுதான் பேச்சு.

3

(சுற்றுலா விடும் மேலாளரை வில்லனாக்கக் கூடாது என்று பலமுறை திருத்தினேன். மனுஷன் ஒவ்வொரு முறையும் இதையேதான் பேசுகிறார்.)

"நெருப்பு உங்க பொறுப்புதாம்மா, யாரு இல்லேன்னா? பிளாட்பாரம் வரும்போது மட்டும் கரிக் குவியலுக்குப் பின்னால குனிஞ்சுக்கங்க. கரி போடுறவர் வேஷத்துல நம்ம நடிகர் தம்பி ஷவலப் புடிச்சுக்குவாரு. ஜனங்க பழைய காலம் மாதிரி ஆம்பளயத்தான் எதிர்பாப்பாங்க இல்ல? ஒரு போட்டோவுல நீங்க விழுந்தாலும் வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாய்லருக்குள்ள எறங்குனப்ப வேற ஆளப் பாக்கலயே?"

"கோவப்படாதீங்க. கொஞ்ச நேரந்தானே."

அண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "வேணாம்னா சொல்லு. ரெண்டு பேரும் வண்டிய விட்டு எறங்கிடலாம்."

"எறங்கினா அவனுங்களுக்கு இன்னும் வசதி. குனியறேன் விடு."

நெருப்பின் சிவப்பில் அவள் முகம் ஒரு

(இல்லை. வியர்வை. அவ்வளவுதான்.)

4

முதல் ஓட்டம். பிளாட்பாரம் நெருங்கியது. அவள் ஷவலைக் கொடுத்துவிட்டுக் கரிக்குப் பின்னால் குனிந்தாள். அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கூட்டத்தைப் பார்த்து ஓட்டினான்.

பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு கண்ணாடிக் குழாய் காட்டும். தண்ணீர் ரொம்பக் குறைந்தால் அடுப்பின் கூரையிலுள்ள ஈய அடைப்பு உருகி நீராவி கீழே பாய்ந்து அடுப்பு வாசல் வழியே சீறும், எதிரே நிற்பவர் வெந்துபோவார். எதிரே நின்றவர்களில் அண்ணனும் ஒருவன்.

அவள் குனிந்தபடியே கேட்டாள்: "தம்பி, கண்ணாடில தண்ணி எங்க நிக்குது?"

நடிகன் கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடியே, "கோடே காணோம்க்கா. ஃபுல்லா இருக்கும்போல" என்றான்.

குழாய் நிறைந்திருந்தாலும் கோடு தெரியாது, வறண்டிருந்தாலும் தெரியாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். குழாயின் கீழே உள்ள திருகைத் திறந்து, தண்ணீர் வருகிறதா நீராவி வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

எழுவாளா என்று உங்களை நகம் கடிக்க வைக்கலாம். அந்த வித்தை எனக்கு வேண்டாம். எழுந்துவிட்டாள். அத்தனை கேமராவுக்கும் நேராக, நடிகனைத் தள்ளிவிட்டுத் திருகைத் திறந்தாள்.

5

முடிவு ஒன்று: குழாய் வறண்டிருந்தது. எல்லோரையும் காப்பாற்றினாள். கைதட்டல், மேலாளர் கண்ணில் ஈரம்.

எழுத மாட்டேன். ஒருத்தியை நிமிர்ந்து நிற்க விடுவதற்கு ஒரு விபத்து வந்து சாட்சி சொல்ல வேண்டுமா?

முடிவு இரண்டு: தண்ணீர் நிறைய இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வண்டி நின்றதும் மேலாளர் ஓடி வந்தார்.

"அதான் ஒண்ணும் ஆகலயே! எதுக்கு எழுந்தீங்க? எறங்குங்க!"

"ஆகலேன்னு பாத்தவ நான்தான். எறங்க மாட்டேன்."

அண்ணன் நீராவிக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியை எடுக்காமல் கை கட்டி நின்றான்.

இதற்குமேல் நான் எழுதினால் அது என் இஷ்டத்துக்கு வளைப்பது. மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள், நேரமாகிறது. முன்னால் ஏதோ தகராறு என்று பேச்சு. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கத்துகிறார்: "யாரா இருந்தாலும் எறக்கிவிட்டுட்டு வண்டிய எடுங்கப்பா!"

சொல்லுங்கள். நீங்களும் கத்துகிறீர்களா, இறங்கி முன்னால் நடக்கிறீர்களா?